ரெஃபரன்ஸ் காஸ்ட்: எந்தச் சோதனையை வைப்பது, எதை எடுத்துவிடுவது

சேலத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன மொழிக்குக் கம்பைலர் எழுதி வருகிறோம். ஏற்காட்டு எஸ்டேட்களின் சரக்குக் கணக்குக்கான மொழி அது. எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை மூட்டை காப்பி வந்தது, மிளகு எவ்வளவு, ஈரப்பதம் என்ன, யாருக்குப் போனது என்பதையெல்லாம் எழுத வேண்டும். கிளாஸ் (பொருளின் வகை), இன்டர்ஃபேஸ் (ஒரு கிளாஸ் என்னென்ன செய்யும் என்ற ஒப்பந்தம்), ஜெனரிக் லிஸ்ட் (எந்த வகைப் பொருளுக்கானது என்று சொல்லி வைக்கும் லிஸ்ட்) மூன்றும் மொழியில் உண்டு. இப்போது முடிவு செய்ய வேண்டியது, ஒரு ரெஃபரன்ஸை (பொருள் இருக்கும் முகவரியை) ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றும் இடத்தில், அதாவது காஸ்ட் செய்யும் இடத்தில், கம்பைலர் என்ன கோட் போட வேண்டும் என்பதை.

இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. எஸ்டேட் ரைட்டர் கையில் இருப்பது விலை குறைந்த டேப்லெட். அதனால் ஜிட் வைத்து ஓடும்போது கம்பைல் செய்யும் பேச்சே இல்லை, முன்கூட்டியே மெஷின் கோடாக மாற்றித்தான் அனுப்புகிறோம். இரண்டாவது நிபந்தனைதான் முடிவில் பெரும்பங்கு வகிக்கிறது. மலையில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. மெயின் புரோகிராம் ஒருமுறை இறங்கிவிட்டால், அப்புறம் ஒவ்வொரு எஸ்டேட்டும் தனக்கு வேண்டிய கிளாஸ்களைச் சின்ன மாட்யூலாக மேலே ஏற்றிக்கொள்ளும். மொத்தத்தையும் மறுபடி கம்பைல் செய்து அனுப்ப முடியாது.

எங்கள் கிளாஸ் மரம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் சரக்கு. அதன் கீழே காப்பி, மிளகு. காப்பியின் கீழே செர்ரி (பழமாகவே காயவைத்தது), பார்ச்மென்ட் (சதை நீக்கிக் கழுவிக் காயவைத்தது). மிளகின் கீழே வெள்ளை மிளகு.

காப்பியைச் சரக்காகப் பார்ப்பது மேல்நோக்கிய மாற்றம். ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு தாய் கிளாஸ் என்று இருக்கும்வரை இதற்கு ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன்கூடத் தேவையில்லை. சரக்கின் ஃபீல்டுகள் முதலில், காப்பியின் ஃபீல்டுகள் அதற்குப் பின்னால் என்று அடுக்கினால் போதும், அதே முகவரி இரண்டுக்கும் பொருந்தும். சி++ மொழியில் ஒரு கிளாஸுக்கு இரண்டு தாய் கிளாஸ்கள் இருக்கலாம். அங்கே இரண்டாவது தாய்க்கு மாற்றும்போது பாயின்டரைச் சில பைட்கள் நகர்த்த வேண்டும். பாயின்டர் எதையும் சுட்டாத வெற்றுப் பாயின்டராக (null) இருந்தால் நகர்த்தக் கூடாது என்பதால் அதற்கும் ஒரு சோதனை சேரும். ஒற்றைத் தாய் முறையை நாங்கள் எடுத்ததற்கு இது ஒரு காரணம்.

செலவெல்லாம் கீழ்நோக்கிய மாற்றத்தில்தான். லிஸ்டிலிருந்து ஒரு சரக்கை எடுத்து, இது காப்பிதான் என்று சொல்லி அதன் ஈரப்பதத்தைப் படிக்கிறோம். உண்மையிலேயே காப்பிதானா என்று ஓடும்போது பார்த்தாக வேண்டும்.

மூன்று சோதனைகள்

எளிய வழி, தாய் கிளாஸ் சங்கிலியில் ஏறிப் பார்ப்பது. பொருளின் ஹெட்டரிலிருந்து (தன் கிளாஸ் எது என்று சொல்லும் தலைப்பகுதியிலிருந்து) அதன் கிளாஸை எடு, காப்பியா என்று பார், இல்லையென்றால் அதன் தாயை எடு, மறுபடி பார். பத்து வரியில் எழுதிவிடலாம், மெமரியும் வேண்டாம். ஆனால் இது ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைப் போல. ஒரு வளைவு முடியாமல் அடுத்தது வராது. ஒவ்வொரு லோடும் (மெமரியிலிருந்து படிப்பதும்) முந்தைய லோடின் விடைக்குக் காத்திருப்பதால், பிராசஸர் எத்தனை வேலைகளை ஒரே நேரத்தில் செய்யக்கூடியதாக இருந்தாலும் இங்கே வரிசையில்தான் நிற்க வேண்டும். சோதனை தோற்கும் இடங்களில் இன்னும் மோசம். காப்பி இல்லை என்று சொல்வதற்கு ஒவ்வொரு தடவையும் உச்சிவரை போயாக வேண்டும். எங்கள் புரோகிராமில் 'இது காப்பியா, இல்லையென்றால் மிளகா' என்று கேட்கும் இடங்கள் நிறைய. ஆகவே தோல்வி இங்கே அன்றாட விஷயம்.

இரண்டாவது வழி எண் இடைவெளி. ஷூபர்ட்டும் உடன் எழுதியவர்களும் 1983-இல் வெளியிட்ட யோசனை இது. மரத்தை மேலிருந்து கீழாக நடந்து வரிசையாக எண் கொடுக்க வேண்டும். சரக்கு 1, காப்பி 2, செர்ரி 3, பார்ச்மென்ட் 4, மிளகு 5, வெள்ளை மிளகு 6. இப்போது காப்பியும் அதன் வாரிசுகளும் 2 முதல் 4 வரை அடங்கிவிட்டன. பொருளின் கிளாஸ் எண்ணிலிருந்து 2-ஐக் கழித்து, வந்ததைக் குறியில்லா எண்ணாக (மைனஸே இல்லாத எண்ணாக) பார்த்து, 2-க்கு மேல் போகிறதா என்று கேட்டால் வேலை முடிந்தது. 1-லிருந்து 2-ஐக் கழித்தால் குறியில்லா எண்ணில் அது மிகப் பெரிய எண்ணாகிவிடும், அதனால் கீழ் எல்லைக்குத் தனிச் சோதனை வேண்டாம். ஒரு கழித்தல், ஒரு ஒப்பீடு. கிளாஸுக்கு ஒரு எண் மட்டும் இருந்தால் போதும். மிக அழகான வழி என்று மனதாரச் சொல்வேன்.

பெரிய மென்பொருள்களும் இதைப் பயன்படுத்துகின்றன. எல்எல்விஎம் குடும்பத்தின் கிளாங் கம்பைலர், தன் சின்டாக்ஸ் மரத்தின் முனைகள் என்ன வகை என்று கேட்பதற்கு ஒரு முதல் எண், ஒரு கடைசி எண் வைத்து இப்படித்தான் பார்க்கிறது. சி++ தரும் ஓடும்நேர வகைத் தகவலை அவர்கள் பயன்படுத்துவதில்லை. அங்கே எல்லா கிளாஸும் கம்பைல் செய்யும்போதே தெரிந்துவிடும் என்பதால் அது பொருந்துகிறது.

எங்களிடம் அது உடைகிற இடத்தைப் பாருங்கள். ஓர் எஸ்டேட்காரர் ஹனி காப்பி போட ஆரம்பிக்கிறார். சதையின் பசை ஒட்டியபடியே காயவைக்கும் சரக்கு அது. செர்ரியும் இல்லை, பார்ச்மென்ட் கணக்கிலும் வராது, காப்பியின் கீழே புதுக் கிளாஸாகத்தான் வர வேண்டும். அதற்கு எண் 5 வேண்டும், ஆனால் 5 மிளகிடம் இருக்கிறது. மிளகை நகர்த்தினால், '5 முதல் 6 வரை' என்று ஏற்கெனவே மெஷின் கோடில் பதிந்துபோன ஒவ்வொரு இடத்தையும் மாற்ற வேண்டும். எண்களை நேரடியாகப் பதிக்காமல் மெமரியில் வைத்துப் படிக்கலாம், எண்களுக்கு நடுவே இடைவெளி விட்டுவைக்கலாம். முதலாவதில் லோட்கள் கூடும், இரண்டாவதில் இடைவெளி என்றாவது தீர்ந்துபோகும். மாட்யூலே கிடையாது என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுத்திருப்பேன்.

மூன்றாவது டிஸ்ப்ளே. நார்மன் கோஹன் 1991-இல் எழுதியது. ஒவ்வொரு கிளாஸும் தன் முன்னோர் பட்டியலை ஆழ வரிசைப்படி ஓர் அட்டவணையாக வைத்திருக்கும். பார்ச்மென்ட்டின் அட்டவணையில் 0-ஆம் இடத்தில் சரக்கு, 1-இல் காப்பி, 2-இல் பார்ச்மென்ட். காப்பியின் ஆழம் 1 என்பது கம்பைலருக்குத் தெரியும், அது எந்நாளும் மாறாது. ஆகவே சோதனை இவ்வளவுதான்: ஹெட்டரிலிருந்து கிளாஸை லோட் செய், அந்தக் கிளாஸின் அட்டவணையில் 1-ஆம் இடத்தை லோட் செய், காப்பியோடு ஒப்பிடு, பொருந்தாவிட்டால் பிழைக் கோடுக்குத் தாவு. இரண்டு லோட், ஒரு ஒப்பீடு, ஒரு தாவல். ஜெயித்தாலும் தோற்றாலும் செலவு ஒன்றுதான்.

ஹனி காப்பி வந்தால் அதன் அட்டவணையில் 0-இல் சரக்கு, 1-இல் காப்பி, 2-இல் தான். பழைய கோடில் ஒரு பைட்டைக்கூடத் தொட வேண்டியதில்லை.

அட்டவணை எவ்வளவு நீளம் என்ற கேள்வி மிச்சம். நீளம் கிளாஸுக்குக் கிளாஸ் மாறினால் எல்லை தாண்டுகிறோமா என்று இன்னொரு சோதனை வரும். எல்லோருக்கும் ஒரே நீளம் வைத்து, மிச்சத்தைக் காலியாக விட்டால் அது தேவையில்லை. ஜாவாவை ஓட்டும் ஹாட்ஸ்பாட் என்ற எஞ்சின் 8 இடம் வைத்திருக்கிறது, கிளிஃப் கிளிக்கும் ஜான் ரோஸும் 2002-இல் அந்த அமைப்பை விளக்கி எழுதினார்கள். நாங்களும் 8 என்றே வைக்கிறோம். 64-பிட் மெஷினில் 8 பாயின்டர் என்றால் 64 பைட், பெரும்பாலான பிராசஸர்களில் ஒரு கேஷ் லைன் (பிராசஸர் மெமரியிலிருந்து ஒரே தடவையில் எடுக்கும் துண்டு) அளவு. அதைவிட ஆழமான கிளாஸ் வந்தால் சங்கிலியில் ஏறிக்கொள்ளட்டும். கணக்குப் புரோகிராமில் அவ்வளவு ஆழத்துக்கு மரம் கட்டுபவர்கள் அபூர்வம்.

எங்கள் தேர்வு டிஸ்ப்ளே. கூடவே ஒரு சலுகை: வாரிசே வரக்கூடாது என்று ஃபைனல் போட்ட கிளாஸுக்கு அட்டவணையும் வேண்டாம். ஹெட்டரில் இருக்கும் கிளாஸ் அதுதானா என்று ஒரே ஒப்பீடு. காஸ்ட் முடிந்த கையோடு அந்தப் பொருளின் ஃபீல்டைத்தான் படிக்கப் போகிறோம். ஹெட்டரும் முதல் சில ஃபீல்டுகளும் பெரும்பாலும் ஒரே கேஷ் லைனில் இருப்பதால், எப்படியும் வரவேண்டிய மெமரி சற்று முன்னாலேயே வந்துவிடுகிறது. அதனால் மொழியில் கிளாஸ்கள் தானாகவே ஃபைனலாக இருக்கட்டும், வாரிசு வேண்டுமென்றால் எழுதுபவர் 'திறந்த' என்று போடட்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லி வருகிறேன்.

சோதனையே வராமல் செய்வது

மேலே சொன்னதில் எதை எடுத்தாலும் ஒரு காஸ்டுக்குப் பிராசஸரின் சில சைக்கிள்கள்தான் வித்தியாசம். காஸ்ட்களே இல்லாமல் போகும் இடங்களில் கிடைக்கும் லாபம் அதைவிட மிகப் பெரியது. விவாதம் பூராவும் சோதனை முறைகளிலேயே நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் முக்கியமான கருத்து.

ஜாவாவில் எழுதுபவர் கையால் போடும் காஸ்ட்களைவிட கம்பைலர் தானாகப் போடும் காஸ்ட்களைப் பாருங்கள். 2004-இல் ஜாவா 5 ஜெனரிக்ஸைக் கொண்டுவந்தபோது, பழைய கோட் உடையாமலிருக்க, வகைத் தகவலைக் கம்பைல் செய்ததும் அழித்துவிடும் முறையை எடுத்தார்கள். காப்பி லிஸ்டிலிருந்து ஒன்றை எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் கம்பைலர் ஒரு காஸ்ட் சேர்க்கிறது. அங்கே அது தேவையும்கூட. வகை சொல்லாத பழைய லிஸ்டாக அதைப் பார்த்து, உள்ளே யாராவது மிளகைப் போட்டிருக்க முடியும்.

நாங்கள் புதிதாக ஆரம்பிக்கிறோம், காப்பாற்ற வேண்டிய பழைய கோட் எங்களிடம் இல்லை. வகை சொல்லாத லிஸ்ட் என்பதே மொழியில் கிடையாது என்று வைத்துவிட்டால், காப்பி லிஸ்டில் காப்பி மட்டும்தான் இருக்கும் என்பதை டைப் செக்கர் (கம்பைலரில் வகைகளைச் சரிபார்க்கும் பகுதி) நிரூபித்துவிடுகிறது. எடுக்கும்போது பூஜ்யம் இன்ஸ்ட்ரக்‌ஷன். அழித்தல் முறையின் சிக்கனமும் கிடைக்கும், காஸ்ட் செலவும் இருக்காது. அரேயிலும் இதே கதை. ஜாவாவில் காப்பி அரேயைச் சரக்கு அரே என்று சொல்லி அனுப்ப முடியும். அதனால் ரெஃபரன்ஸ் அரேக்குள் ஒரு பொருளை எழுதும்போது இந்த அரே இதை ஏற்குமா என்று ஓடும்போது பார்க்க வேண்டியிருக்கிறது, பொருந்தாவிட்டால் எக்ஸெப்ஷன் வரும். சி# மொழியிலும் அப்படியே. எங்கள் மொழியில் அந்த மாற்றத்தை அனுமதிக்கவில்லை. எழுதுபவருக்குச் சில இடங்களில் கூடுதலாக ஒரு வரி வரும், அதை ஏற்றுக்கொள்ளலாம்.

அப்புறம் கம்பைலரே நீக்கக்கூடியவை. ஒரு சரக்கைக் 'காப்பியா' என்று கேட்டு உள்ளே போன பிறகு, உள்ளே வரும் காப்பி காஸ்ட்டுக்குச் சோதனை வேண்டாம். பார்ச்மென்ட் என்று ஏற்கெனவே தெரிந்தால் காப்பி என்பதும் தெரியும். எஸ்எஸ்ஏ வடிவில் (ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரே முறை மதிப்பு தரும் வடிவம்) டாமினேட்டர் மரத்தில் (எந்த இடத்தைக் கடக்காமல் எந்த இடத்துக்கு வர முடியாது என்று காட்டும் மரம்) மேலிருந்து இறங்கிக்கொண்டே, எந்த மதிப்புக்கு எந்த வகை உறுதியாகிவிட்டது என்று குறித்து வந்தால் போதும். நடுவில் வேறு ஃபங்ஷனை அழைத்தாலும் இந்த உறுதி கலையாது. ஒரு பொருளின் ஃபீல்டுகள் மாறலாம், அதன் கிளாஸ் பிறந்ததிலிருந்து மாறாது. மற்ற ஆப்டிமைசேஷன்கள் பலவற்றுக்கு இந்த வசதி கிடையாது, ஒரு ஃபங்ஷன் அழைப்பு வந்ததும் மெமரியைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் மறக்க வேண்டியிருக்கும்.

ஆனால் உறுதி அந்த மதிப்புக்குத்தான், அது இருந்த இடத்துக்கு இல்லை. 'மூட்டையின் சரக்கு' என்ற ஃபீல்டைப் படித்துக் காப்பி என்று பார்த்துவிட்டு, நடுவில் ஒரு ஃபங்ஷனை அழைத்து, மறுபடி அதே ஃபீல்டைப் படித்தால் வருவது புது மதிப்பு. நடுவில் யாராவது அங்கே மிளகை வைத்திருக்கலாம். இங்கே சோதனையை நீக்கும் கம்பைலர் தப்பான கம்பைலர். எழுதுபவர் முதலிலேயே ஒரு லோக்கல் வேரியபிளில் எடுத்து வைத்துக்கொண்டால் இரண்டாவது சோதனை தானாகப் போய்விடும்.

மொத்தப் புரோகிராமின் கிளாஸ் மரத்தையும் பார்த்து, காப்பிக்கு வாரிசே இல்லை என்று கண்டுபிடித்து அதையும் ஃபைனலாக நடத்தும் வழி ஒன்று உண்டு. 1995-இல் டீன், குரோவ், சேம்பர்ஸ் மூவரும் எழுதிய மர ஆய்வு இதற்கு அடிப்படை. ஜாவாவில் பின்னால் ஒரு வாரிசு வந்தால் பழைய கோடைத் தூக்கிப்போட்டுவிட்டுத் திரும்பக் கம்பைல் செய்ய ஜிட் இருக்கிறது. எங்களிடம் இல்லை, ஆகவே வேண்டாம்.

சோதனையை அணைத்துவிடலாமா

சில கம்பைலர்கள் இதைத் தேர்வாகவே தருகின்றன. டார்ட் மொழியை ஜாவாஸ்கிரிப்டாக்கும் கம்பைலரில் ஓ3 என்ற ஆப்டிமைசேஷன் நிலையில் மறைமுக வகைச் சோதனைகள் விடப்படுகின்றன. எல்எல்விஎம் உள்ளே பயன்படும் காஸ்ட்டும் அசெர்ஷன்கள் (கோட் நினைத்தபடி நடக்கிறதா என்ற உள்சோதனைகள்) இயங்கும் பில்டில்தான் சோதிக்கிறது. தங்கள் கோடை நன்றாகச் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு அது சரி.

எங்களுக்கு வேண்டாம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பொருளில் முதல் 8 பைட் ஹெட்டர், அடுத்த 8 பைட் எடை. காப்பியில் 16-ஆவது பைட்டில் ஈரப்பதம், டபுள் (64-பிட் தசம எண்) வகை. மிளகில் அதே இடத்தில் வாங்கியவரின் பாயின்டர். சோதனை இல்லாமல் மிளகைக் காப்பி என்று நம்பிப் படித்தால், பாயின்டரின் பிட்கள் டபுளாக வாசிக்கப்படும். 64-பிட் லினக்ஸ் லேப்டாப்பில் சாதாரண பாயின்டரின் மேல் 16 பிட்கள் பூஜ்யமாக இருக்கும். டபுளின் அடுக்கு எண் இருக்கும் இடமும் அதுதான். எனவே கிடைப்பது பூஜ்யத்தை ஒட்டிய, கற்பனைக்கு எட்டாத அளவு சின்ன எண். திரையில் 0.00 என்று வரும். புரோகிராம் நிற்காது, பிழைச் செய்தி வராது. ஈரமே இல்லாத சரக்கு என்று கணக்கில் ஏறி, அதை வைத்து விலை பேசிவிடுவார்கள். ஒரு தாவல் இன்ஸ்ட்ரக்‌ஷனை மிச்சம் பிடிக்க இந்த விலை கொடுக்கக் கூடாது.

இன்டர்ஃபேஸ்

டிஸ்ப்ளே இன்டர்ஃபேஸுக்கு உதவாது. ஒரு கிளாஸ் பல இன்டர்ஃபேஸ்களை ஏற்கும் என்பதால் 'ஆழம்' என்று ஒன்று கிடையாது.

கோ மொழி இன்டர்ஃபேஸ் ரெஃபரன்ஸையே இரண்டு சொல்லாக (64-பிட் மெஷினில் ஒரு சொல் 8 பைட்) வைக்கிறது: ஒன்று பொருளின் முகவரி, இன்னொன்று வகையும் மெத்தட் அட்டவணையும் இருக்கும் இடம். கான்கிரீட் வகை தெரிந்த இடத்தில் மாற்றம் மலிவு, மெத்தட் அழைப்பு வேகம். ஆனால் ரெஃபரன்ஸ் இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். அதோடு, ஒரு வகையின் ஸ்லைஸை (கோவின் லிஸ்டை) இன்டர்ஃபேஸ் ஸ்லைஸாக மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக நகல் எடுக்க வேண்டும். மெமரி குறைந்த டேப்லெட்டில் இது எனக்கு ஒப்பவில்லை.

ஹாட்ஸ்பாட் ஒவ்வொரு கிளாஸிலும் இன்டர்ஃபேஸ் பட்டியலை வைத்து வரிசையாகத் தேடியது. கடைசியாகக் கிடைத்த விடையைக் கிளாஸிலேயே ஒரு சொல்லில் எழுதி வைத்துக்கொண்டது. ஒரு திரெட்டுக்கு (ஒரே வேலை ஓட்டத்துக்கு) இது நன்றாகவே வேலை செய்யும். ஒரே கிளாஸின் பொருள்களைப் பிராசஸரின் பல கோர்கள் இரண்டு வேறு இன்டர்ஃபேஸ்களாக மாறி மாறிக் கேட்டால், அந்த ஒரு சொல்லை எல்லோரும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே இருப்பார்கள், கேஷ் லைன் கோருக்குக் கோர் பறக்கும். நெட்ஃப்ளிக்ஸ் பொறியாளர்கள் 2022-இல் விரிவாக எழுதியது இதைத்தான். பெரிய மெஷினுக்கு மாறியும் எதிர்பார்த்த வேகம் வராததைத் தேடிப்போய் இங்கே வந்து நின்றார்கள். 2024-இல் வந்த ஜாவாவின் ஜேடிகே 23 பதிப்பில் ஹேஷும் 64-பிட் பிட்மேப்பும் (ஆம்/இல்லை பிட்களின் வரிசை) வைத்துத் தேடும் முறை வந்தது.

படிப்பதற்காகவே இருக்கும் ஒரு சோதனை பொது மெமரியில் எழுதக் கூடாது என்று நாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு கிளாஸிலும் 64-பிட் பிட்மேப் ஒன்று இருக்கும். இன்டர்ஃபேஸுக்கு மாட்யூல் ஏறும்போது ஒரு பிட் ஒதுக்கப்படும். கிளாஸ் ஏறியபின் அதன் பிட்மேப் மாறாது, யாரும் அதில் எழுதப் போவதில்லை. கடைசி பிட், 'மிச்சத்தைப் பட்டியலில் தேடு' என்பதற்கு. 63 இன்டர்ஃபேஸுக்கு மேல் போனால்தான் அது வேலைக்கு வரும்.

பிரவுசர் பதிப்பு

அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர்களுக்காக வெப்அசெம்பிளி (பிரவுசரில் ஓடும் கோட் வடிவம்) பதிப்பும் உண்டு. குப்பை சேகரிப்போடு (தேவையற்ற மெமரியைத் தானே விடுவிப்பதோடு) வரும் அதன் வகை அமைப்பு 2023-இல் குரோம் 119-லும் ஃபயர்ஃபாக்ஸ் 120-லும் வந்தது. ஒரு வகைக்கு ஒரே மேல் வகை என்பதால் டிஸ்ப்ளே முறைக்கு அது இயல்பாகப் பொருந்தும், காஸ்டை எஞ்சினே பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கு ஜெனரிக்ஸ் தெரியாது. எங்கள் டைப் செக்கர் நிரூபித்ததை, ஓட்டும் முன் கோடைச் சரிபார்க்கும் அதன் வேலிடேட்டரிடம் சொல்ல வழியில்லை. நேட்டிவ் பதிப்பில் பூஜ்யம் செலவான லிஸ்ட் வாசிப்பு இங்கே ஒவ்வொரு தடவையும் காஸ்ட் கேட்கிறது. வெப்அசெம்பிளிக்கான பைனாரியன் என்ற கருவியின் ஆப்டிமைசர் சிலவற்றைக் கழித்துக் கொடுக்கும், எல்லாவற்றையும் இல்லை. காஸ்ட் தோற்று ட்ராப் ஆகும் (புரோகிராம் நின்றுவிடும்) என்பதே நடக்காது என்று வைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு தேர்வும் அதில் இருக்கிறது. மேலே சொன்ன 0.00 காரணத்துக்காக அதைத் தொடப் போவதில்லை.

மாற்று வழி, ஒவ்வொரு வகைக்கும் தனி லிஸ்ட் கோட் உருவாக்குவது. காப்பி லிஸ்டின் அரே உண்மையிலேயே காப்பி அரேயாக இருக்கும், காஸ்ட் போய்விடும். ஆனால் ஃபைல் பெருத்துவிடும், சில அலுவலகங்கள் மலையிலேயே இருக்கின்றன, அங்கே ஒவ்வொரு கிலோபைட்டும் இறங்கத்தான் வேண்டும். சரக்கு, காப்பி, மிளகு மூன்றின் லிஸ்ட்களுக்கு மட்டும் தனிக் கோட், மற்றதெல்லாம் பொது லிஸ்டும் காஸ்டும் என்று முதல் பதிப்பைப் போடுகிறோம். எஸ்டேட் மாட்யூலில் வரும் புது வகைகள் பொது லிஸ்டில்தான் சேரும்.